ஓரளவு புரோகிராமிங் தெரியும். தோட்டத்து மோட்டாரை இணையப் பக்கம் வழியாக நானே ஆன், ஆஃப் செய்ய முடியுமா?

முடியும். எங்கள் தோட்டத்தில் 5 எச்பி போர் மோட்டார் மூன்று வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன், எலக்ட்ரானிக்ஸ் படித்ததில்லை. வீட்டிலிருந்து தோட்டம் இரண்டு கிலோமீட்டர். ராத்திரி கரண்ட் வரும் நேரம் பார்த்து அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதில் இறங்கினேன்.

பட்டன் வேலை சுலபம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் இருக்கும் நோட்எம்சியூ என்ற குட்டி போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆர்டுயினோ மென்பொருளிலேயே அதற்கு நிரல் எழுதலாம். போர்டு வைஃபையில் சேர்ந்து, தானே ஒரு குட்டி வெப் சர்வராக இருந்து, இரண்டு பட்டன் உள்ள பக்கத்தை உங்கள் போனுக்கு அனுப்பும். பட்டனைத் தொட்டால் போர்டின் ஒரு பின் (கம்பி இணைக்கும் கால்) மாறும், அது ரிலேயை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்சை, தட்டும். அவ்வளவுதான்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இணையப் பக்கத்தில் ‘ஆன்’ என்று பச்சையாகத் தெரிகிறதே, அது நீங்கள் கொடுத்த கட்டளையா, மோட்டாரின் உண்மை நிலையா? நான் முதலில் செய்த பக்கம் கட்டளையை மட்டும்தான் காட்டியது. ஒரு நாள் காலை ‘ஓடுகிறது’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் கழித்துத் தோட்டத்துக்குப் போன அப்பா போன் செய்தார்: “வாய்க்கால் காஞ்சு கிடக்குதுப்பா, எங்க ஓடுது?” மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலே டிரிப் ஆகி, ஸ்டார்ட்டர் எப்போதோ அணைந்திருந்தது. போர்டுக்கு அது தெரிய வழியே இல்லை.

அன்றைக்குத்தான் எஸ்சிடி-013 சென்சார் வாங்கினேன். கம்பியை வெட்ட வேண்டாம், ஒரு பேஸ் கம்பியைச் சுற்றிக் கவ்விக்கொண்டு அதில் ஓடும் ஆம்பியரைச் சொல்லும். கூட இரண்டு மூன்று ரெசிஸ்டர் வைத்தால் நோட்எம்சியூவின் அனலாக் பின்னிலேயே படிக்கலாம். எங்கள் மோட்டார் தண்ணீர் இழுக்கும்போது 7 ஆம்பியரை ஒட்டி நிற்கும். பூஜ்யம் என்றால் ஓடவில்லை. போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே சுற்றினால் ஆம்பியர் சட்டென்று விழும். இப்போது பக்கத்தில் ‘ஆன்’ என்ற சொல்லே கிடையாது, ஆம்பியர் எண் மட்டும் பெரிதாக இருக்கும்.

அந்த எண் பத்து விநாடி குறைந்தே இருந்தால் மோட்டாரை நிறுத்த வேண்டும். அந்த முடிவைப் போர்டே எடுக்கட்டும், தயவுசெய்து இணையப் பக்கத்தில் வைக்காதீர்கள். போனில் சிக்னல் போகும், பேட்டரி தீரும். மோட்டார் காயில் எரிந்து, போரிலிருந்து மேலே ஏற்றி, திரும்பக் கட்டி இறக்கும் செலவு உங்களுக்கே தெரியும். அதேபோல் இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓடக் கூடாது என்ற வரம்பும் போர்டிலேயே இருக்கட்டும்.

இணையம் வழியாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது ரொம்பப் பழைய ஆசை. 1995இல் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கென் கோல்ட்பெர்க்கும் அவருடைய குழுவும் டெலிகார்டன் என்று ஒன்று வைத்தார்கள். நடுவில் ஒரு ரோபோ கை, சுற்றிலும் மண். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் இணையப் பக்கத்தைத் திறந்து விதை போடலாம், தண்ணீர் விடலாம். பிறகு அது ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்துக்குப் போய் 2004 வரை இருந்தது. அந்தக் கையில் ஒரு கேமராவும் இருந்தது. ஊற்றிய தண்ணீர் மண்ணில் இறங்கியதைப் பார்க்க முடிந்ததால்தான் அத்தனை பேர் தங்கள் செடியைத் தேடித் தினமும் வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். மோட்டாருக்குப் போகும் முன் ஒரு மாதம் மேசை விளக்கில் ஓட்டுங்கள். எனக்கு முதல் பாடம் அங்கேதான் கிடைத்தது. பிரவுசரின் முகவரிப் பட்டையில் போர்டின் முகவரியைப் பாதி டைப் செய்திருப்பேன், என்டர் தட்டவில்லை, விளக்கு எரிந்துவிட்டது! நான் அடிக்கடி போகும் முகவரி என்பதால் பிரவுசர் முந்திக்கொண்டு பக்கத்தைக் கொண்டு வந்திருக்கிறது. முகவரியின் கடைசியில் ‘ஆன்’ என்று இருந்தால் விளக்கு எரியும் என்று நான் எழுதி வைத்திருந்தேன். தப்பு பிரவுசரிடம் இல்லை. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபியில், முகவரியைத் திறக்கும்போது போகும் கெட் கோரிக்கை பார்ப்பதற்கு மட்டுமே, எதையும் மாற்றக் கூடாது என்பது விதி. மாற்றும் வேலை எல்லாம் போஸ்ட் என்ற இன்னொரு வகைக் கோரிக்கை வழியாகப் போகட்டும். அந்த விளக்கு மோட்டாராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, ரிலே ‘டிக்’. ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை ஒரு நொடி அழுத்தினால் போதும், பிறகு அது தானே பிடித்துக்கொள்ளும் இல்லையா? ரிலேயும் பச்சைப் பட்டனுக்குப் பக்க இணைப்பாக நின்று அதே ஒரு நொடி வேலையைத்தான் செய்கிறது. கரண்ட் போய் வரும்போது போர்டு விழித்தெழும் அந்தக் கணத்தில் சில பின்கள் தாமாக மேலே கீழே போகும். ரிலே ஒரு முறை ‘டிக்’ என்றால் பச்சைப் பட்டனை யாரோ தொட்ட மாதிரிதான். நோட்எம்சியூவில் டி1, டி2 இந்த வேலைக்கு நல்ல பின்கள். ரிலே மாட்யூல் லோவில் (பின்னில் வோல்ட் இல்லாதபோது) ஆன் ஆகும் ரகம் என்றால், பின்னை அவுட்புட் ஆக்கும் வரிக்கு முன்பே ஹை எழுதிவிடுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகி ஐம்பது முறை பாருங்கள். ஒரு முறைகூட விளக்கு மினுங்கக் கூடாது.

மூன்றாவதுதான் ஆபத்தானது. நாம் வாங்கும் நீல நிற ரிலேயின் முதுகில் 250 வோல்ட் ஏசி என்று எழுதியிருக்கும். மும்முனை ஸ்டார்ட்டர் பலவற்றில் அதைப் பிடித்து வைக்கும் காயில் 415 வோல்ட்டில் ஓடும், பச்சைப் பட்டனிலும் அதே 415 வோல்ட்தான் நிற்கும். அந்த ரிலேயை அங்கே நேராக மாட்டாதீர்கள். நான் எங்கள் ஊர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 240 வோல்ட் காயிலாக மாற்றிக்கொண்டேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் அவர்தான் கை வைத்தார், நான் வைக்கவில்லை. கூடவே லோக்கல், ரிமோட் என்று ஒரு செலக்டர் ஸ்விட்ச்சும் போடச் சொன்னேன். யாராவது மோட்டார் ரூமில் வேலை செய்தால் முதலில் மெயினை இறக்கி, அதையும் லோக்கலுக்குத் திருப்புவார்கள். அப்புறம் நான் போனில் என்ன அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது.

இனி வெளியூரிலிருந்து இயக்குவது. மோட்டார் ரூமில் சிம் போட்ட 4ஜி ரவுட்டர் வைத்தேன். வெளியிலிருந்து வரும் கோரிக்கையை ரவுட்டர் போர்டுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன், நடக்கவில்லை. மொபைல் இணைப்புகளில் பெரும்பாலும் பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரிதான் இருக்கும், வெளியிலிருந்து உங்கள் போர்டைத் தேடி உள்ளே வர முடியாது. நடக்காததும் நல்லதற்குத்தான். போர்டை இணையத்தில் திறந்து போட்டால் யார் வேண்டுமானாலும் வந்து தட்டலாம்.

போர்டே வெளியே போய், செய்திகளை வாங்கி உரியவர்களுக்கு அனுப்பும் ஒரு எம்க்யூடிடி சர்வரில் சேர்ந்துகொள்வதுதான் வழி. 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவான முறை இது, மெலிந்த இணைப்புக்கென்றே செய்தது. பக்கமும் அதே சர்வருடன் பேசும். போர்டு, இணையப் பக்கம் இரண்டுக்கும் டிஎல்எஸ்ஸும் (பேச்சைப் பிறர் படிக்க முடியாமல் பூட்டும் முறை) நல்ல பாஸ்வேர்டும் வையுங்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது உயில். ‘நான் சொல்லாமல் மறைந்துவிட்டால் இந்தச் செய்தியை எல்லோருக்கும் அனுப்பு’ என்று போர்டு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடும். கரண்ட் போனால் சிறிது நேரத்தில் எங்கள் பக்கத்தில் ‘தொடர்பு இல்லை’ என்று சிவப்பாக வரும். ஒன்றே ஒன்று, ஆன் கட்டளையை ரீட்டெயின் போட்டு, அதாவது சர்வரே சேமித்து வைக்கும்படி, அனுப்பாதீர்கள். கரண்ட் வந்து போர்டு திரும்பச் சேர்ந்ததும் நேற்றைய கட்டளை இன்றைக்கு வந்து நிற்கும்.

அந்தச் சிவப்பு எழுத்து மறைந்தால் தோட்டத்தில் கரண்ட் வந்துவிட்டது என்று அப்பா கண்டுகொண்டார். நான் அதற்காகச் செய்யவே இல்லை, ஆனால் அவர் அதிகம் பார்ப்பது அதைத்தான். ஸ்டார்ட்டரில் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இருப்பதால் மூன்று பேஸும் வந்தால்தான் மோட்டார் எடுக்கும். எடுத்ததும் எண் 7க்கு ஏறி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்கப் போவார்.

உங்கள் ஸ்டார்ட்டரின் காயிலில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது? எலக்ட்ரீஷியன் மெயினை இறக்கிப் பெட்டியைத் திறக்கும்போது அதைப் படம் எடுத்துக் கருத்தில் போடுங்கள், எந்த ரிலே சரியாக வரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.