பழைய கணினிகளில் மெய்நிகர் மேசைத்தளம்: சிறிய அலுவலகத்துக்குச் சரிவருமா?

கல்முனையில் ஐந்து பழைய கணினிகளோடு இயங்கும் உங்கள் அலுவலகத்துக்கு மெய்நிகர் மேசைத்தளம் தாராளமாகச் சரிவரும். இந்த முறையில் வேலை முழுவதையும் ஒரு நல்ல கணினி, அதாவது நடுக்கணினி, செய்யும். பழையவை அதனோடு இணைந்த திரையும் விசைப்பலகையுமாக நின்றால் போதும். அவற்றில் ஒன்று பழுதானால், பக்கத்துக் கணினியில் கடவுச்சொல்லை அடியுங்கள். பாதியில் விட்ட கடிதம் அப்படியே திறந்திருக்கும்.

ஆகவே பணத்தை நடுக்கணினியில் போடுங்கள்: 32 ஜிபி ராம், எஸ்எஸ்டி. ராமை விழுங்குவது உலாவிதான். நடுக்கணினியில் டெபியனும் (இலவச லினக்ஸ் இயங்குதளம்) எக்ஸ்ஆர்டிபியும் (மற்றக் கணினிகளிலிருந்து உள்நுழைய விடும் மென்பொருள்), பழையவற்றில் இலகுவான லினக்ஸும் ரெமினாவும் (நடுக்கணினியோடு இணைக்கும் மென்பொருள்) நிறுவலாம். அங்கே விண்டோஸ் 11 புரோ போட்டால் ஒரே நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம். பலருக்கென்றால் விண்டோஸ் சர்வரும் தனி உரிமங்களும் வேண்டும், செலவு ஏறிவிடும்.

வைஃபையை நம்பாமல் கேபிள் இழுங்கள். நடுக்கணினி நின்றால் ஐவரும் கைகட்டி இருக்க வேண்டியதுதான். அதற்கும் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் யுபிஎஸ் கட்டாயம்.