கேசட்டில் பேசும் ஹன்னா – கடிதம்

அன்புள்ள ஐயா,

பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஜே ஆஷரின் 'தர்டீன் ரீசன்ஸ் ஒய்' நாவல் என் ஒன்பதாம் வகுப்பில் கைமாறிக்கொண்டிருக்கிறது. தற்கொலை செய்துகொள்ளும் பெண்ணின் கதை. பதின்வயதினருக்கு எழுதுபவர்களுக்குச் சமூகப் பொறுப்பு வேண்டாமா? புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பொறுப்பு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் சாவு, காதல், போதை எதையும் அவர்களிடம் பேசவே கூடாது என்றால் நீதிக்கதைதான் எழுத வேண்டும். அதை அவர்கள் படிக்க மாட்டார்கள்.

2007இல் வந்த அந்த நாவலில் ஹன்னா தன் கதையை ஏழு கேசட்டுகளில் பதிந்துவைத்துவிட்டுச் சாகிறாள். தன்னைக் காயப்படுத்தியவர்களிடம் அவை ஒவ்வொருவராகப் போய்ச் சேர்கின்றன. எனக்கு உறுத்துவது இந்த ஏற்பாடுதான். செத்த பிறகும் அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள், கேட்பவர்கள் குமைகிறார்கள். 'நான் போனப்புறம்தான் தெரியும் இவங்களுக்கு' என்று கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளையின் கற்பனையை நாவல் அப்படியே நிறைவேற்றிக் கொடுக்கிறது. போதாததற்கு, கடைசியாக அவள் உதவி கேட்டுப் போகும் பள்ளி ஆலோசகரும் கைவிடுகிறார். நிஜத்திலும் நடப்பதுதான். ஆனாலும் பெரியவர்களிடம் சொல்லிப் பயனில்லை என்று ஏற்கெனவே நினைப்பவனுக்கு இது இன்னொரு சாட்சி.

2017இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடர் இன்னும் மோசம். அவள் சாவதை நிதானமாக, முழுதாகக் காட்டினார்கள். வழிமுறையை விவரிக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பத்திரிகைக்காரர்களுக்கு எப்போதோ சொல்லிவிட்டது. மனநல மருத்துவர்கள் எதிர்த்தார்கள். 2019 ஜூலையில் அந்தக் காட்சியை வெட்டினார்கள். கதையில் எதுவும் குறைந்துவிடவில்லை. அப்படியானால் முதலில் எதற்காக வைத்தார்கள்? எழுதுகிறவன் தன் மேசையில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் போனில் தொடரைப் பார்ப்பார்கள், அதுவும் தனியாக. முதலில் நீங்கள் படித்துவிடுங்கள். கேசட்டுகளைக் கேட்டு முடித்த கிளே என்ற அவளுடைய பள்ளித் தோழன், ஒதுங்கிப்போன ஸ்கை என்ற பெண்ணின் பின்னால் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதோடு நாவல் முடிகிறது. வகுப்பில் அந்த இடத்தைப் பேசுங்கள். பேச்சின்போது யாராவது முகம் கொடுக்காமல் இருந்தால் தனியாகக் கூப்பிட்டு, சாகலாம் என்று தோன்றுகிறதா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.