அந்தரம் எண்டு எழுதின பிள்ளை

கடிதம்:

வணக்கம் ஐயா. நான் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல தமிழ் படிப்பிக்கிறன். 'நிதானம்' எண்டதுக்கு எதிர்ச்சொல் கேட்டிருந்தன், எல்லாரும் 'பதற்றம்' எண்டு எழுத ஒரு பிள்ளை மட்டும் 'அந்தரம்' எண்டு எழுதியிருந்தா. அது பேச்சுச்சொல்தானே எண்டு பிழை போட்டுட்டன், ஆனா மனசு கேக்குதில்ல. நான் செஞ்சது சரியா?

பதில்:

வணக்கம் டீச்சர். அந்தப் பிள்ளைக்குப் புள்ளி குடுங்க, முழுப் புள்ளி.

அந்தரம் எண்டா வானம், நடுவெளி, பிடிக்க ஒண்டுமில்லாத இடம். 'அந்தரத்துல தொங்குது' எண்டு சொல்றம்தானே, அதே சொல்தான். நிதானம் தவறுறதுக்கு நாங்க சொல்ற சொல்லெல்லாத்தையும் பாருங்க, நிலை தடுமாறுறது, நிலைகொள்ளாம இருக்கிறது, ஒரு இடத்துல கால் தரிக்காதது, எல்லாமே காலுக்குக் கீழ இருக்கிற நிலத்தப் பத்தித்தான். அந்த நிலம் இல்லாமப் போறதுதான் அந்தரம். இத விடச் சரியான எதிர்ச்சொல் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

பதற்றமும் நல்ல சொல்தான், ஏறு ஏற்றம் மாதிரி பதறு பதற்றம். ஆனா எங்கட பக்கத்துல அத செய்தி எடுத்துட்டு. 'நகரில் பதற்றம்', 'பதற்றநிலை தணிந்தது' எண்டு எத்தின வருசம் வாசிச்சம். எனக்கு அந்தச் சொல்லக் கேட்டா பூட்டின கடையும் ஆளில்லாத றோட்டுந்தான் கண்ணுக்குள்ள வருது, ஒரு மனுசன்ட நெஞ்சு வருதில்ல. ஊருக்குப் பதற்றம், ஆளுக்கு அந்தரம், எனக்கு இப்பிடித்தான்.

2012 ஏப்ரல் 11 ஞாபகம் இருக்கும். சுமாத்திராப் பக்கம் பெரிய நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை விட்டாங்க, 2004 டிசம்பர் 26 பாத்த சனம் சும்மா இருக்குமா, மட்டக்களப்புக் கல்லடியில இருந்து எல்லாம் பாலத்தப் பாத்து ஓடுது, புதுப்பாலம் அப்ப திறக்கல்ல, பழைய ஒடுங்கின பாலம் மட்டுந்தான். எங்கட பக்கத்து வீட்டு அக்கா சித்திரை வருசத்துக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டு இருந்தவ, பாலத்தடியில நான் காணக்குள்ள அவட கையில எண்ணெய்க் கரண்டி, எண்ணெய் வடிஞ்சு சட்டையெல்லாம் கறை, அவவுக்கு அது கையில இருக்கிறதே தெரியாது. 'கரண்டியோட எங்கக்கா போறீங்க' எண்டன். குனிஞ்சு பாத்துட்டு 'எனக்கு ஒரே அந்தரமாப் போச்சு தம்பி' எண்டா. அண்டைக்குக் கடல் வரல்ல.

ஆனா அவட புருசன் ஓடல்ல. வாசல் படியில பேசாம இருந்தாராம். மனுசன் எவ்வளவு நிதானம் எண்டு நாங்க மறுகாக் கதைச்சம், அக்காதான் சொன்னா, 'அது நிதானமில்ல, அவர் ஏங்கிப் போனார்' எண்டு. வேற ஊர்த் தமிழ்ல ஏங்குறது எண்டா ஆசைப்பட்டுக் கிடக்கிறது, எங்களுக்குப் பயத்துல உறைஞ்சு போறதும் அதுதான். வெளிய பாத்தா நிதானமும் இந்த ஏங்குறதும் ஒண்டு மாதிரித்தான் இருக்கும், உள்ளுக்க ஒண்டுக்கொண்டு நேரெதிர். பதகளிக்கிறவன, அதான் அந்தரப்படுறவன, கையும் காலும் காட்டிக் குடுத்துரும், ஏங்கினவன ஒண்டும் காட்டிக் குடாது. இந்த வித்தியாசத்தச் சொல்ல ஒரு சொல் கைக்குள்ள இருக்கக்குள்ள, பேச்சுச்சொல் எண்டு அதத் தள்ளி வைக்க எனக்கு மனமில்ல.

இது இண்டைக்கு நேத்து வந்த யோசனையும் இல்ல. தொல்காப்பியம் உரியியல்ல 'அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி' எண்டு வருது. மனம் கலங்குறதுக்கும் வாற இந்த ரெண்டு சொல்லுக்கும் பொருள் சுழற்சி எண்டு, அப்ப மனம் கலங்குறத அப்பவே சுழலுறதாப் பாத்திருக்காங்க. அந்த ரெண்டு சொல்லும் இப்ப வாயில இல்ல, ஆனா கெட்ட செய்தி கேட்டா 'தல சுத்துது' எண்டுதானே இண்டைக்கும் சொல்றம்.

ஒரு விசயம் மட்டும் பிள்ளைக்குச் சொல்லி வைங்க, பெரிய சோதினையில பேப்பர் திருத்துறவர் உங்கள மாதிரி யோசிச்சுக் கடிதம் எழுத மாட்டார், அதால அங்க பதற்றம் எண்டே எழுதட்டும். உங்கட வகுப்புக் கொப்பிய மட்டும் திருப்பி வாங்கி, அந்தப் பிழைய வெட்டி, பக்கத்துல சரி போட்டுக் குடுங்க. மற்றப் பிள்ளைகளுக்கும் கேக்க, 'அந்தரம்' எண்ட சொல்ல வீட்டுல ஆரிட்டக் கேட்ட எண்டும் அவவிட்ட ஒருக்காக் கேளுங்க.