நின்றால் சூடு, ஓடினால் ஜில்

கேள்வி: ஐயா, கடலூர் துறைமுகத்திலிருந்து புதுச்சேரிக்கு மீன் ஏற்றிப் போகிறேன். வண்டி 2008 மாடல் டீசல் பிக்கப். தவளக்குப்பம் வரை ஏ.சி. நன்றாக இருக்கிறது. முருங்கப்பாக்கம் நெரிசலில் நின்றதும் அடுப்படிக் காற்றுதான் வருகிறது. ஒரே வருடத்தில் இரண்டு முறை கேஸ் ஏற்றிவிட்டேன். இப்போது கேஸை அழுத்தித் தள்ளுகிற கம்ப்ரஸரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். ஓடினால் ஜில், நின்றால் சூடு என்று யார் சொன்னாலும் நான் முதலில் குனிந்து பார்ப்பது கன்டென்ஸரைத்தான். ரேடியேட்டருக்கு முன்னால் வலை மாதிரி நிற்குமே, அது. கேபினுக்குள்ளிருந்து வாங்கிய சூட்டை வெளியே தள்ளுவது அதன் வேலை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று உதவுகிறது. நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றுதான் துணை.

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து ஏ.சி.யைப் போட்டுவிட்டு, ஒரு முழு தினத்தந்தித் தாளை முன் கிரில்லில் வைத்துப் பாருங்கள். தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சென்ற சித்திரையில் ஒரு பிக்கப் வந்தது, உங்கள் குறைதான். தாளை வைத்தேன், என் மார்பு மேல் வந்து விழுந்தது. வேறெங்கோ ஃபேன் மோட்டார் மாற்றியபோது இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஃபேன் காற்றை உள்ளே இழுப்பதற்குப் பதிலாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஒயரைச் சரியான இடத்துக்கு மாற்றிக் கொடுத்தேன், வேலை முடிந்தது. அந்த மனிதர் அதற்குள் மூன்று முறை கேஸுக்குக் காசு கொடுத்திருந்தார்.

தாள் ஒட்டவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் சாக்கெட் என்று வரிசையாகப் பாருங்கள். உப்புக்காற்றில் சாக்கெட் பின் பச்சை பூத்துப் போவது நம் ஊரில் சகஜம். எஞ்சினோடு சுற்றுகிற விஸ்கஸ் ஃபேன் என்றால், எஞ்சின் சூடாக இருக்கும்போதே அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கையால் சுற்றுங்கள். பிசுபிசுப்பாக இறுக்கம் காட்ட வேண்டும். தடையில்லாமல் சுற்றிக்கொண்டே போனால் உள்ளேயிருக்கும் சிலிக்கான் ஆயில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு சோதனை: வண்டியை ஐட்லிங்கில் விட்டு, கன்டென்ஸர் மேல் மக்கில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஓரிரு நிமிடத்தில் உள்ளே ஜில் ஏறினால் குறை சூடு வெளியேறுவதில் இருக்கிறது. ஏறவில்லை என்றால்தான் கம்ப்ரஸர் மேல் சந்தேகம். அப்போதும் கேஸ் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்டிப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீலம் குறைந்த அழுத்தப் பக்கம், சிவப்பு அதிக அழுத்தப் பக்கம். ஃபேன் குறை என்றால் நீலக் கேஜ், சிவப்புக் கேஜ் இரண்டுமே ஏறி நிற்கும். சிவப்பு 300 பிஎஸ்ஐ-யைக்கூடத் தாண்டும். வலுவிழந்த கம்ப்ரஸர் என்றால் நீலம் ஏறியும் சிவப்பு இறங்கியும் நிற்கும். கேஜ் காட்டாமல் கம்ப்ரஸர் போச்சு என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

சரி, கேஸ் ஏன் குறைகிறது? டீசல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை அது. பழைய ஹோஸ் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கசியும்தான். வருடத்துக்கு இரண்டு முறை தீர்ந்தால் எங்கேயோ ஓட்டை. நீங்கள் விடியற்காலையில் லோடுக்காகக் கடலைப் பார்த்து நிறுத்துகிறவர். அப்படி நிற்கிற வண்டிகளில் கன்டென்ஸரின் அலுமினியத் தகடு வெள்ளையாகப் பூத்து, நகத்தால் கீறினால் மாவு மாதிரி உதிர்வதைப் பார்த்திருக்கிறேன். தகடு உதிர்ந்த கன்டென்ஸர் சூட்டையும் விடாது, குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் கேஸையும் நிறுத்தாது. உங்கள் இரண்டு குறையும் இந்த ஒரே இடத்தில் இருக்கும் என்பது என் ஊகம். அடி மூலைகளில் எண்ணெய் பிசுக்கோடு தூசி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். கேஸ் கசிகிற இடத்தில் கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து வரும். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

கன்டென்ஸரை மாற்றினால், ஈரத்தை உறிஞ்சுகிற டிரையரையும் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் கூடவே மாற்றுங்கள். அரைமணி நேரமாவது வேக்குவம் போட்டு, அதாவது பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து, பம்ப்பை நிறுத்திய பிறகும் முள் அசையாமல் நிற்கிறதா என்று நீங்களே கூட நின்று பாருங்கள். கேஸ் அளவு பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். அந்த எடைக்கு மேல் வேண்டாம். கூடுதலாக ஏற்றினாலும் நிற்கும்போது சூடுதான் வரும்.

அப்புறம், லோடு இறக்கிவிட்டு வந்ததும் முன் கிரில்லை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் பம்ப் வேண்டாம், தகடு மடங்கிவிடும். சாதாரண ஹோஸ் போதும்.