கணினி கேள்வி பதில்: எட்டு வருடம் ஓட வேண்டும்

கேள்வி: மகள் கல்லூரியில் சேர்கிறாள். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறோம். எட்டு வருடமாவது ஓட வேண்டும். கடையில் ‘ப்ராசஸரைப் பெரிதாகப் போடுங்கள், மற்றதைக் குறைத்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள். கேட்கலாமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: கேட்காதீர்கள். ப்ராசஸர், ரேம், எஸ்எஸ்டி மூன்றையும் நடுவில் மாற்றிக்கொள்ளலாம். மதர்போர்டை மாற்றினால் பாதி கம்ப்யூட்டரைக் கழற்ற வேண்டும். எல்லாப் பாகத்துக்கும் கரன்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் கெட்டால் மற்றதையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். பணம் முதலில் இந்த இரண்டுக்கும் போகட்டும்.

போர்டில் பார்க்க வேண்டியது ப்ராசஸர் உட்காரும் சாக்கெட். 2017-ல் ஏஎம்டி கம்பெனியின் முதல் ரைசன் ப்ராசஸருக்காக வாங்கிய ஏஎம்4 சாக்கெட் போர்டுகள் பலவற்றில், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் அப்டேட் செய்து, 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி ப்ராசஸரைப் போட முடிந்தது. இன்டெல் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒருமுறை சாக்கெட்டையே மாற்றிவிடுகிறது. அதனால் இன்று ஏஎம்5 சாக்கெட்டும் பி650 அல்லது பி850 சிப்செட்டும் உள்ள போர்டு வாங்குங்கள். எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் இரண்டும், பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டனும் இருக்கிறதா என்று கேளுங்கள். பின்னாளில் புது ப்ராசஸரைப் போர்டு அடையாளம் காணாவிட்டால், பயாஸை அப்டேட் செய்ய அந்தப் பட்டனும் ஒரு பென்டிரைவும் போதும். ப்ராசஸருக்கு இப்போதைக்கு ரைசன் 5 7600 தாராளம். டிஸ்ப்ளே அதிலேயே வரும், கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம்.

ரேம் 16 ஜிபி இரண்டு. விலை இடித்தால் இப்போது ஒன்று, பிறகு அதே மாடலில் இன்னொன்று. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும் திட்டம் வேண்டாம்: ஏஎம்5-ல் நான்கு ரேம் போட்டால் ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 3600-க்கு இறங்கிவிடும். இரண்டு ரேமை ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட்டுகளில் செருகுங்கள்.

எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பெட்டியைப் பார்க்காமல் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் 45 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 45 = 540 வாட். ‘450 வாட்’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு அந்தக் கட்டத்தில் 15 ஆம்பியர்தான் என்றால், ப்ராசஸருக்கும் கார்டுக்கும் கிடைப்பது வெறும் 180 வாட். கேபினட்டோடு இலவசமாக வருபவை பெரும்பாலும் இந்த ரகம்தான். 80 பிளஸ் கோல்டு முத்திரை மின்சாரச் சிக்கனத்தைத்தான் காட்டும்; ஆயுளுக்கு வாரண்டியைப் பாருங்கள். 550 வாட், 7 வருடத்துக்குக் குறையாத வாரண்டி: இதில் மட்டும் பேரம் வேண்டாம்.

கேள்வி: கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது. எஸ்எம்பிஎஸ் மாற்றியும் போகவில்லை.
(வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: அநேகமாகக் கோளாறு வீட்டு எர்த்தில். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரன்ட் நுழையும் இடத்தில், ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாகச் சின்னக் கெப்பாசிட்டர்கள் பாடியோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பாடி 230-ல் பாதியில், 115 வோல்ட் அளவில் நிற்கும். கரன்ட் மிகச் சொற்பம் என்பதால் தூக்கி எறியாது. ஆனால் டிவிக்கு எச்டிஎம்ஐ ஒயர் செருகும் நொடியில் போர்ட்டையே எரித்துவிடக்கூடும்.

எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230-ஐ ஒட்டி வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால் சந்தோஷப்படாமல் பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இழுக்கச் சோம்பல்பட்டு, நியூட்ரலையே எர்த் பின்னில் முறுக்கிவிட்டிருக்கலாம். என்றாவது நியூட்ரல் அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட் ஏறும், உயிருக்கே ஆபத்து. பிளக் பாயின்ட் ஒயரிங் சரியாக இருந்தும் மீட்டரில் அளவு சரியாக வராவிட்டால் எர்த் குழியைப் பாருங்கள். கடலோரக் காற்றில் அங்குள்ள கிளாம்ப் துருப்பிடித்து விட்டுப்போயிருக்கலாம்.

கேள்வி: புது எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். பழையதன் கேபிள்கள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அதையே வைத்துக்கொள்ளலாமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: தயவுசெய்து வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பக்கம் செருகும் முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால், ஆன் செய்த கணமே ஹார்ட் டிஸ்க் கருகும். உள்ளே இருக்கும் போட்டோக்களும் அதோடு போய்விடும். பழைய கேபிள்களைப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்துக் கட்டி, மாடல் பெயரை எழுதி ஒட்டி வையுங்கள்.