ஸ்ட்ரோப் ட்யூனரில் கோடுகள் நிற்கவே மாட்டேன் என்கிறதா?

மதுரையில் நாடக செட்டுகளுக்கு ஆர்மோனியம் சரிசெய்யப் பழைய கான் ஸ்ட்ரோபோட்யூனர் (சுதி சரியாக இருந்தால் கோடுகள் நின்று காட்டும் கருவி) வாங்கியதாகவும், கோடுகள் ஓடிக்கொண்டே இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அண்ணே, டிரான்ஸ்ஃபார்மர் போட்டீர்களா என்று சொல்லவில்லையே! அது அமெரிக்க 110 வோல்ட் பெட்டி. நம் 230-இல் நேராகச் செருகினால் புகைதான்.

சரி, போட்டிருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வால்வு பெட்டி, அரை மணி நேரம் சூடேற விடுங்கள். அப்புறம் 440 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கை (தட்டினால் ஒரே சுதியில் ஒலிக்கும் கவை) மைக் அருகே பிடித்துச் சரிபாருங்கள்.

ஆர்மோனியத்தில் கப்ளரை (ஒரு கட்டையோடு இன்னொரு ஸ்தாயிக் கட்டையையும் சேர்த்து ஒலிக்க வைப்பது) மூடி, ஒரே ஸ்டாப் (ரீடு வரிசையைத் திறக்கும் குமிழ்), ஒரே கட்டை. துருத்தி சீராக இருக்கட்டும். இரண்டு ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு) சேர்ந்து பேசினால் கோடு தள்ளாடும். உங்கள் சிக்கல் பெரும்பாலும் இதுதான். கோடு வலப்பக்கம் நகர்ந்தால் சுதி ஏறியிருக்கிறது, இடப்பக்கம் என்றால் இறங்கியிருக்கிறது. ரீடின் நுனியைச் சுரண்டினால் ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். ஒவ்வொரு சுரண்டலுக்கும் ஒருமுறை பாருங்கள்.

தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரம் என்ற சுரம் ட்யூனர் காட்டுவதைவிட 14 சென்ட் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) குறைவு. ஆனால் மேடையில் ஆளுக்கொரு கட்டையில் (சுதியில்) பாடுவார்கள், ஒருவருக்குக் காந்தாரமாகும் ரீடு இன்னொருவருக்கு வேறு சுரமாகிவிடும். ட்யூனர் சொல்வதிலேயே விடுங்கள்.

அப்படியும் நிற்கவில்லையா? உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டென்சர் காய்ந்திருக்கலாம். வால்வு ரேடியோ பார்க்கும் பழைய கைகளிடம் கொடுங்கள். நீங்களே திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும்.