பாலூட்டும்போது அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும் வலி: இரண்டாம் பேறு, மூன்றாம் நாள்

குழந்தை பால் குடிக்கத் தொடங்கியதும் அடிவயிற்றில் வலி வருகிறது, வாயு என்று மாமியார் சொல்கிறார், உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வலி வாயுவால் அன்று, பெரும்பாலும் கருப்பை சுருங்குவதால் வருவது.

குழந்தை சப்பும்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது பாலை வெளித்தள்ளுவதோடு, கருப்பைத் தசை உயிரணுக்களில் அதை ஏற்கும் இடங்களான ஏற்பிகளில் பொருந்தி, அவற்றினுள் கால்சியத்தை உயர்த்தித் தசையைச் சுருங்கச் செய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்து இரத்தக் குழாய்களை அச்சுருக்கமே நெரித்து இரத்தப்போக்கைக் குறைப்பதால், வலித்தாலும் அது உங்கள் உடலுக்குத் தேவையான வேலை. முதல் பேற்றில் இந்த வலி இல்லையே என்றும் கேட்டிருந்தீர்கள். முன்பே பிள்ளை பெற்ற கருப்பை தொடர்ந்து இறுகி நிற்காமல், தளர்ந்து தளர்ந்து சுருங்குவதே பொதுவான காரணம்.

இன்று பாலூட்டுமுன் சிறுநீர் கழித்துவிட்டு, வலி எப்போது தொடங்கி எப்போது அடங்குகிறது என்று கவனியுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையைச் சரியாகச் சுருங்க விடாது.

ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுவதும் நனைந்தாலோ, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ, பிறப்புறுப்பிலிருந்து வரும் கசிவில் துர்நாற்றம் இருந்தாலோ, பாலூட்டாதபோதும் வலி விடாமல் நீடித்தாலோ, தயவுசெய்து விடியும்வரை காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.